ஊறவைத்த பார்லி

தீவனத் தொட்டியில் பார்லி கிடந்தது. மூட்டையிலிருந்து அப்படியே கொட்டிய பார்லி அல்ல. ஊறவைத்து, தண்ணீரை வடித்து, மேலே உப்பும் தூவிய பார்லி. கிழட்டு ஷுபார் அதில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நிதானமாக மென்றது. குல்ஷாரா பால் கேனைக் கீழே வைத்துவிட்டு ஒரு மணியை எடுத்து விரலால் நசுக்கினாள். மாவாகப் போனது. யாரோ முந்தின நாளே நினைத்து ஊறப்போட்டிருக்கிறார்கள். அவள் போடவில்லை.

தாஸ்புலாக் கிராமத்தில் குளிர் தொடங்கும் காலத்தில் குதிரைக்குப் பார்லி வைத்தால் அதற்கு ஒரே பொருள்தான். பனி விழுந்து இறுகியதும் வீட்டுக்கு வீடு சோகிம் அறுப்பார்கள். குளிர்காலம் முழுவதற்கும் அந்த இறைச்சிதான். அதற்கென்று குறித்த குதிரையின் மேல் யாரும் ஏறமாட்டார்கள், வண்டியில் பூட்டமாட்டார்கள். கட்டிப்போட்டு, பார்லி வைத்து, விலாவில் கொழுப்பு ஏறும் வரை ராஜமரியாதை செய்வார்கள். பார்லியைக் கண்ட குதிரை வசந்தத்தைக் காணாது. இது ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். குதிரைக்குத்தான் தெரியாது, பாவம்.

"ஊற வேற வெச்சிருக்கான். சீக்கிரம் கொழுக்கணுமாம்," என்று முணுமுணுத்தாள் குல்ஷாரா. தொட்டியைச் சுத்தமாக வழித்து வாளியில் போட்டு, வெளியே கொண்டுபோய்க் கோழிகளுக்கு வீசினாள். ஷுபார் வெறும் தொட்டியை நக்கிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தது. அதன் முன்னால் ஒரு கட்டுக் காய்ந்த புல்லைப் போட்டாள்.

"இதைத் தின்னு. இதைத் தின்னா சாகமாட்ட."

குல்ஷாரா அறுபதைத் தொட்டவள். ஒல்லி உடம்பு, உரத்த குரல், எதையும் இடுக்கிப் பார்க்கும் கண். ஊரின் பாலையெல்லாம் வீடு வீடாகச் சேகரித்து, பெரிய சாலையில் வந்து நிற்கும் லாரியில் ஏற்றிவிடுவது அவள் தொழில். கோடையில் வண்டி, குளிரில் சறுக்குவண்டி, இரண்டையும் இழுப்பது ஷுபார். சாம்பல் நிறத்தில் புள்ளி விழுந்த ஆண்குதிரை. எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று அதற்குச் சொல்ல வேண்டியதில்லை. மாடு பால் வற்றிய வீட்டை அது நிற்காமலே கடந்துவிடும். மாடு வற்றியது மாமியாருக்குத் தெரியும் முன்னால் ஷுபாருக்குத் தெரிந்துவிடும் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

இந்தப் பார்லி யார் வேலை? வீட்டில் மகன் எர்தாய் இருக்கிறான், மருமகள் ராபிகா இருக்கிறாள், தொட்டிலில் கிடக்கும் பேரன் இருக்கிறான். பேரனை மட்டும் அவள் சந்தேகப்படவில்லை. முற்றத்துக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் தோக்தாரின் வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம், ஒரே லாயம். தோக்தாரின் புல்லும் அங்கேதான் அடுக்கியிருந்தது, ஆகவே லாயத்துக்குப் பூட்டுப் போட வழியில்லை. இந்தத் தோக்தார்தான் ஊருக்கே குதிரை அறுப்பவன். யார் வீட்டுச் சோகிமாக இருந்தாலும் கத்தி அவனுடையது. அவனுடைய பூட்ஸுக்குள் எப்போதும் ஒரு கத்தி செருகியிருக்கும்; கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதோடுதான் போவான். அப்புறம் வேறு யாரைச் சந்தேகப்படுவது?

நேரே போய்க் கேட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். குல்ஷாரா கேட்கமாட்டாள். கேட்டால் பொய்தான் வரும் என்று அவளுக்கு ஒரு தீர்மானம். அந்தத் தீர்மானம் சும்மா வந்ததல்ல.

கல்யாணமாகி வந்த புதிதில் அவள் கைராசிக்காரி என்று பேர் வாங்கினாள். கஸி அடைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. குதிரையின் விலா எலும்பைச் சதையும் கொழுப்புமாக நீளவாக்கில் எடுத்து, உப்பும் மிளகும் பூண்டும் தடவி, கழுவின குடலுக்குள் எலும்போடு செலுத்திக் கட்ட வேண்டும். எலும்பு முனை குடலைக் கிழிக்காமல் உள்ளே போவதில்தான் சாமர்த்தியம். குல்ஷாராவின் கையில் ஒன்றுகூடக் கிழிந்ததில்லை. சோகிம் காலத்தில் வீட்டுக்கு வீடு அவளைக் கூப்பிட்டனுப்புவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அடைத்தாள், சிரித்துக்கொண்டே தின்றாள்.

அப்போது அவளுக்கென்று அக்போஸ் என்ற வெள்ளைப் பெட்டைக் குதிரை ஒன்று இருந்தது. பிறந்த வீட்டுச் சீதனம். குட்டியாக இருந்தபோது ஓடைப் பள்ளத்தில் விழுந்து அதன் விலா எலும்பு ஒன்று ஒடிந்து, தானே கூடிவிட்டது. கூடிய இடத்தில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு முடிச்சு. சேணம் கட்டும்போதெல்லாம் அந்த முடிச்சைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் வாரை இறுக்குவாள். எர்தாயைப் பெற்றெடுக்கத் தாய்வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தபோது லாயத்தில் அக்போஸ் இல்லை.

"மலைக்கு அந்தப் பக்கத்து மாமா குட்டி போடக் கேட்டார். குடுத்திருக்கேன். புல் முளைச்சதும் வந்துடும்," என்றான் புருஷன் ஒராஸ். சிரித்தபடியே சொன்னான். பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளியபடியே சொன்னான்.

மறுநாளே தோக்தாரின் வீட்டுக்குக் கஸி அடைக்கக் கூப்பிட்டார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சம்பந்திகளை வம்பளந்துகொண்டு அடைத்தார்கள். குல்ஷாரா ஐந்தாவதோ ஆறாவதோ விலாவை எடுத்து உப்புத் தடவினாள். விரலில் ஒரு முடிச்சுத் தட்டுப்பட்டது.

அவள் கத்தவில்லை. மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்தாள். எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவினாள். கழுவிய கையை மறுபடி கழுவினாள். வீட்டுக்கு வந்து ஒராஸைக் கேட்டாள்.

"ஊரே தின்னுது," என்றான் அவன். "போன வருஷம் நீயும்தானே தின்ன?"

"அது எவனோட குதிரையோ."

"எல்லாக் குதிரையும் எவனோடதோதான்டி."

அவன் வாயடைக்கச் சொன்ன பதில் அது. ஆனால் அவளுக்கு அதுதான் உள்ளே போய்த் தைத்தது. ஆமாம், எல்லாக் குதிரையும் எவனுடையதோதான். எல்லா விலாவையும் எவனோ எவளோ ஒருநாள் தடவிக் கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் குதிரை இறைச்சியைத் தொடவில்லை. கஸி அடைக்கப் போகவில்லை. அறுத்தவன் தோக்தார் என்பதால் அவனை வாயாரக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். "தம்பி" என்ற சொல் அவள் வாயிலிருந்து அப்புறம் வரவேயில்லை. ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் கோழியைப் பார்த்துச் சொல்வாள், அவன் கேட்டுக்கொள்வான். ஒராஸ் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஜாடைப் பேச்சு மட்டும் நிற்கவில்லை.

தான் தின்னாமல் விட்டதோடு நின்றிருந்தால் ஊர் அவளை விட்டிருக்கும். அவள் மற்றவர்களையும் விடவில்லை. குளிர் தொடங்கி எந்த முற்றத்தில் குதிரை கட்டிப்போட்டிருந்தாலும், பால் வாங்கும் சாக்கில் உள்ளே போய் நின்றுவிடுவாள். பக்கத்து வீட்டு பிபிஷோடு இதே சண்டை வருஷா வருஷம் நடக்கும்.

"உன் மாமனாரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனது இந்தக் குதிரைதானே? இதையா திங்கப் போற?"

"வந்துட்டா பாருங்க குதிரை வக்கீல்! ஏன்டி, நீ ஆட்டைத் திங்கறியே, அதுக்கு மட்டும் உயிரில்லையா?"

"பனிப்புயல்ல கண்ணு தெரியாம போனப்ப எந்த ஆடாவது உன்னை வீட்டுல கொண்டாந்து விட்டிருக்கா?"

"விட்டிருந்தா அதையும் திங்காம இருந்திருப்பேன்," என்று பிபிஷ் சிரிப்பாள். உள்ளேயிருந்து அவள் புருஷன் குரல் கொடுப்பான்: "ஆம்பளைக்குக் குதிரைதான் இறக்கைன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. அது தெரியுமா உனக்கு?"

"இறக்கையைப் பிச்சுக் கொழம்பு வைக்கச் சொன்னாங்களா பெரியவங்க?"

அவள் வாதத்தில் ஓட்டை இல்லாமலில்லை. ஆட்டைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லும். ஆனால் அவளுக்கு நியாயம் தராசில் நிறுத்த விஷயமல்ல, விரலில் தட்டுப்பட்ட விஷயம். யாரும் அவள் பேச்சைக் கேட்டுக் கத்தியைக் கீழே வைக்கவில்லை. ஒரு வருஷம் கல்யாண விருந்துக்குக் கட்டிப்போட்டிருந்த குதிரை கயிறு அவிழ்ந்து காணாமல் போய், மாப்பிள்ளை வீட்டார் வெறும் ஆட்டிறைச்சியைத் தின்றுவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊர் முழுவதும் குல்ஷாராவைத்தான் பார்த்தது. அவள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அதன்பின் அவள் ஊரைச் சந்தேகப்பட, ஊர் அவளைச் சந்தேகப்பட, பாக்கி சரியாகிவிட்டது. விருந்துக்குப் போனால் வீட்டு ரொட்டியைச் சால்வை முனையில் முடிந்துகொண்டு போவாள். குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள்.

அப்பேர்ப்பட்டவளின் லாயத்திலேயே பார்லி.

மறுநாளும் கிடந்தது. அதற்கு மறுநாளும். அவள் தினமும் வழித்து எடுத்துக் கோழிகளுக்குப் போட்டாள். யார் வந்து போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள லாயத்து வாசலில் அடுப்புச் சாம்பலைத் தூவி வைத்தாள். காலையில் சாம்பலில் தடம் இருந்தது. கம்பளி பூட்ஸின் தடம். ஊரில் எல்லோர் காலிலும் அதே கம்பளி பூட்ஸ்தான். அவள் காலிலும் அதுதான்.

நாலைந்து நாள் கழித்துத் தோக்தாரே அகப்பட்டான். அவள் பால் கேன்களுக்குப் பின்னால் குனிந்திருந்தாள். அவன் லாயத்துக்குள் வந்து ஷுபாரின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தான். வாய்க்குள் கட்டைவிரலை விட்டுத் துழாவினான். பிறகு உள்ளங்கையை விலாவில் வைத்து அழுத்தி, மேலிருந்து கீழே ஒவ்வொரு எலும்பாகத் தடவிக்கொண்டே வந்தான். நாக்கைச் சப்புக்கொட்டினான்.

கசாப்புக்காரன் விலாவைத் தடவுவது எதற்கு என்று குல்ஷாராவுக்குத் தெரியாதா? அவள் எழுந்து வெளியே வந்து, காலடியில் மேய்ந்த சிவப்புக் கோழியைப் பார்த்துச் சொன்னாள்: "சில பேருக்குக் கிழடு கட்டையிலகூடக் கொழுப்பு இருக்கான்னு தடவிப் பார்க்கிற புத்தி!"

தோக்தார் கோழியைப் பார்த்துச் சிரித்தான். "கொழுப்பு எங்க இருக்கு? எலும்புதான் இருக்கு. ரொம்ப இளைச்சுப் போச்சே, என்ன போடறாங்கன்னு கேளு கோழி."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம், சொல்லு கோழி."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று குல்ஷாரா எடுத்துக்கொண்டாள். இளைத்திருக்கிறதே என்ற அவன் கவலைதான் அவளுக்கு வழியும் காட்டியது. கொழுத்தால்தானே அறுப்பார்கள்? எலும்பும் தோலுமாக இருக்கிற குதிரையை எந்தச் சம்பந்திக்குப் பரிமாறுவார்கள்? ஷுபாரை இளைக்கவைத்துவிட்டால் இந்தக் குளிர் தாண்டிவிடும்.

அன்றிலிருந்து பால் ஊற்றிவிட்டு வரும் வெறும் கேன்களில் கல்லை நிரப்பினாள். நேர் வழியை விட்டுவிட்டு மேட்டைச் சுற்றி ஓட்டினாள். ஷுபார் மேட்டில் நின்று திரும்பிப் பார்க்கும். "உன் நல்லதுக்குத்தான்டா," என்பாள். அடித்து ஓட்டியதில்லை, ஆனால் ஓட்டினாள். புல்லை மட்டும் தாராளமாகவே போட்டாள். ஷுபார் புல்லைக் கவ்வி, மென்று, பாதியைச் சக்கை உருண்டையாகக் கீழே துப்பியது. காலையில் லாயம் கூட்டும்போது அந்த உருண்டைகள் நிறையக் கிடந்தன. "பார்லி ருசி கண்ட வாய். இனிப் புல் இறங்குமா உனக்கு?" என்று பெருக்கித் தள்ளினாள்.

வீட்டிலும் ஒவ்வொன்றும் சந்தேகத்துக்கு இடம் வைத்தது. ராபிகா வழக்கத்தைவிட அதிகமாக ஆடை மிதக்கும் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, இந்தக் குளிர்ல யார் வீட்டுக் கோழியும் முட்டை போடல, நம்ம கோழி மட்டும் போட்டுத் தள்ளுது. பிபிஷ் அக்கா கண்ணே வெச்சுட்டாங்க!" என்றாள். அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வந்தாள். "வர்ற ஞாயித்துக்கிழமை அப்பா அம்மா வர்றாங்க அத்தை. பேரனுக்குத் தொட்டில் விருந்து."

சம்பந்தி வருகிறார்கள் என்றால் மேசையில் கஸி இல்லாமல் முடியாது. ஆட்டை மட்டும் வைத்தால் வாழ்நாள் முழுவதும் சொல்லிக் காட்டுவார்கள்.

"எந்தக் குதிரை?" என்றாள் குல்ஷாரா.

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்மா," என்றான் எர்தாய், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "நீ அந்த வண்டியை விட்டுடு. அடுத்த மாசத்துலேருந்து வேன் வாசலுக்கே வந்து பால் எடுத்துக்கப் போவுது. ஷுபாரும் பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்."

ரெஸ்ட்! அதே சிரிப்பு, அதே குரல், ஒராஸை உரித்து வைத்த மாதிரி. குல்ஷாரா தேநீரைக் குடிக்காமல் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் ஷுபாரைப் பூட்டினாள். தொட்டியில் இருந்த பார்லியைக் கோழிகளுக்குக் கொட்டிவிட்டு, புல்லைக்கூடப் போடாமல் அவசரமாகக் கிளம்பினாள். விருந்து முடிந்து, சம்பந்தி வண்டி ஊரைவிட்டுப் போகும் வரை ஷுபாரை வீட்டுப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்பது அவள் கணக்கு. லாரியில் பாலை ஏற்றிவிட்டு மேட்டுக்கு மேல் போய் நின்றாள். காற்று ஊசியாகக் குத்தியது. ஷுபாரின் மூக்கில் பனி உறைந்து வெண்தாடி மாதிரி தொங்கியது. அது நின்ற இடத்தில் நடுங்கியது. அதன் மேல் தன் கம்பளத்தைப் போர்த்தினாள். நடுக்கம் நிற்கவில்லை. நடந்தால் சூடாகும் என்று மெல்லக் கீழே ஓட்டினாள்.

ஊர் எல்லைப் பாலத்தில் ஏறும்போது ஷுபாரின் முன்னங்கால்கள் இரண்டும் மடிந்தன. முழங்காலில் நின்று ஒரு கணம் யோசிப்பதுபோல் இருந்தது. அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்தது. ஏர்க்கால் முறிகிற சத்தம் ஊருக்குள் கேட்டது.

ஊர் ஓடி வந்தது. சம்பந்தியின் கார் அதே நேரம் பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது, அவர்களும் இறங்கிவிட்டார்கள். ஷுபாரின் விலா மெதுவாக ஏறி இறங்கியது, கண் பாதி மூடியிருந்தது.

"தோக்தாரைக் கூப்பிடு! மூச்சு இருக்கும்போதே அறுத்துடணும்!" என்று பிபிஷின் புருஷன் கத்தினான்.

"தானா செத்தா ஹராமாயிடும், யாருக்கும் ஆகாது," என்றார் சம்பந்திக் கிழவர். கெட்ட மனிதரல்ல. நியாயத்தைத்தான் சொன்னார்.

தோக்தார் ஓடி வந்தான். கத்தி பூட்ஸில் இருந்தது. குல்ஷாரா ஷுபாரின் கழுத்தின் மேல் அப்படியே விழுந்து கட்டிக்கொண்டாள்.

"தொடாதே! அறுக்கறதா இருந்தா என் கழுத்தையும் சேர்த்து அறு! அக்போஸோட தீரலியா உன் பசி?"

இத்தனை காலத்தில் அவள் அவனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. தோக்தார் பனியில் மண்டியிட்டு, முன்னங்கால்களை மேலிருந்து குளம்பு வரை பிடித்துப் பார்த்தான். விலாவில் கை வைத்தான். உதட்டைத் தூக்கிப் பார்த்தான்.

"கால் ஒடியல அண்ணி," என்றான். "பசியில விழுந்திருக்கு."

"பசியா? புல்லு குறையா போட்டேன்னு சொல்றியா?"

"புல்லை அரைக்கப் பல்லு எங்க இருக்கு? கடவாய்ப் பல்லு எல்லாம் தேஞ்சு மொட்டையாக் கெடக்கு. அதனாலதான் நான் பார்லியை ஊறப்போட்டு தினமும் வெச்சுட்டு வந்தேன். அதையும் தின்னுட்டு ஏன் இப்படி எலும்பாப் போகுதுன்னுதான் எனக்குப் புரியல."

துப்பிக் கிடந்த புல் உருண்டைகள் ஒவ்வொன்றும் குல்ஷாராவின் கண்முன் வந்து நின்றன. கேனில் நிரப்பிய கல் வந்தது. மேட்டில் நின்று திரும்பிப் பார்த்த முகம் வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவள் பேயை விரட்டுவதாக நினைத்துக்கொண்டு தன் குதிரையின் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்கியிருக்கிறாள்.

"கோழி தின்னுச்சு," என்றாள்.

"என்னது?"

"எல்லாத்தையும் கோழிக்குப் போட்டேன். நீ அறுக்கத்தான் கொழுக்க வைக்கறேன்னு..." ஷுபாரின் பிடரியில் முகத்தை வைத்துக்கொண்டு ஊர் பார்க்கவே அழுதாள்.

"ஏன்டா, நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று பிபிஷ் தோக்தாரைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னா நம்பியிருப்பாங்களா?" என்றான் அவன்.

சம்பந்திக் கிழவர் மறுபடி, "மூச்சு இறங்குதே, சீக்கிரம் முடிவு பண்ணுங்க," என்றார். தோக்தார் பூட்ஸிலிருந்து கத்தியை எடுத்தான். குல்ஷாரா தலையைத் தூக்கிப் பார்த்தாள். இந்த முறை அவள் கத்தவில்லை. கத்த அவளுக்கு என்ன யோக்கியதை இருந்தது? அவன் குனிந்து, இறுகிப் போயிருந்த வாரை ஒரே இழுப்பில் அறுத்தான். நுகவளையம் கழன்று பனியில் விழுந்தது.

"கம்பளம் கொண்டாங்க. ராபிகா, வெந்நீர்ல பார்லி மாவைக் கரைச்சு ஒரு வாளி கொண்டா. உப்பு போடு. எர்தாய், வால் பக்கம் வா!"

மாவுக் கரைசலைக் குல்ஷாரா கையால் அள்ளி அள்ளி ஷுபாரின் நாக்கில் தடவினாள். முதலில் அது வழிந்து போனது. பிறகு தொண்டை அசைந்தது. வயிற்றுக்கடியில் கம்பளத்தைக் கொடுத்து ஆண்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கினார்கள். விருந்துச் சட்டையோடு சம்பந்திக் கிழவரும் தோள் கொடுத்தார். இரண்டு தடவை வழுக்கி விழுந்து, மூன்றாவது தடவை ஷுபார் நாலு காலில் நின்றது. நின்று நடுங்கியது. அப்படியே கம்பளத்தில் தாங்கி, அடி அடியாக லாயத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

விருந்து மத்தியானத்துக்கு மேல்தான் நடந்தது. மேசையில் கஸி இருந்தது. எர்தாய் பஜாரில் வாங்கி வந்து வாரக்கணக்கில் பனியில் புதைத்து வைத்திருந்தானாம். குல்ஷாரா அதைப் பார்த்தாள்.

"இதுவும் எவனோடதோதான்," என்றாள். பிபிஷ் சிரிக்கவில்லை. அவள் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்ததாகக்கூட ராபிகா பிற்பாடு சொன்னாள். பிபிஷைக் கேட்டால் அன்றைக்கு வயிறு சரியில்லை என்கிறாள்.

மறுநாள் காலையில் குல்ஷாரா ஊறவைத்த பார்லியை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போனபோது, தொட்டியில் ஏற்கனவே பார்லி இருந்தது. புல் அடுக்கின் மேல் தோக்தார் உட்கார்ந்திருந்தான். ஷுபார் தின்றுகொண்டிருந்தது.

அவன் கையிலிருந்த வைக்கோலைப் பார்த்தபடி சொன்னான்: "அண்ணன் அறுக்கச் சொன்னார், அன்னைக்கு அறுத்தேன். யாரோட குதிரைன்னு எனக்குத் தெரியாதா? அந்த முடிச்சு விலாவை மட்டும் தனியா எடுத்து வெச்சேன், உங்க கைக்கு வந்துடக் கூடாதுன்னு. எப்படியோ தட்டுக்கு வந்துடுச்சு."

"நெசமாவே எடுத்து வெச்சியா, இல்ல இப்பத் தோணுச்சா?"

"அதுக்குச் சாட்சி கிடையாது அண்ணி. பொம்பளைங்க யாரோ எடுத்துப் போட்டிருக்கணும்."

அவள் அவன் முகத்தை இடுக்கிய கண்ணோடு பார்த்தாள். நம்பலாம் என்றும் தோன்றியது, நம்பக் கூடாது என்றும் தோன்றியது. தன் கண்ணையே நம்ப முடியாமல் போனது நேற்றுத்தான். அவள் தொட்டிக்குள் கை விட்டு ஒரு மணியை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

"விஷம் வைக்கல," என்றான் தோக்தார்.

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு மெல்லறீங்க?"

"பல்லில்லாதவன் திங்கறது. சரியா ஊறியிருக்கான்னு பார்க்கறேன்." அவள் இன்னும் ஒரு மணியைக் கடித்தாள். "நடுவுல இன்னும் கெட்டியா இருக்கு. நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே ஊறப்போடு, தம்பி."

தோக்தார் சரியென்று தலையாட்டினான். வாசலில் சிவப்புக் கோழியும் அதன் கூட்டமும் வழக்கம்போல் வந்து நின்றன. குல்ஷாரா துடைப்பத்தை எடுத்து அவற்றை விரட்டினாள்.